வில்பட்டிப் படகின் பேட்டரி

காலை ஆறே முக்காலுக்குப் படகில் விளக்கு அணைந்தது. உள்ளே தங்கியிருந்த மதுரைத் தம்பதி செல்போன் வெளிச்சத்தில் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். தண்ணீர் மோட்டாரும் ஓடவில்லை. பல் விளக்க ஜோதிமணி வாளியில் மொண்டு கொடுத்தாள்.

"படுக்கைக்கு அடியில முட்டை அழுகின நாத்தம் அடிக்குதுக்கா" என்றாள் அந்தப் பெண்.

ஜோதிமணி உள்ளே போய்ப் படுக்கைப் பலகையைத் தூக்கினாள். நான்கு பேட்டரிகள். இரண்டு வயிறு உப்பிக் கிடந்தன.

ஒரு காலத்தில் கடலில் ஓடிய படகு அது. சின்ன அறை, இரண்டு படுக்கை, அடுப்பு மேடை, ஓர் ஆள் மட்டும் நுழையும் கழிப்பறை. தூத்துக்குடியில் கழித்துப் போட்டதை அவளும் புருஷன் பொன்னுவேலும் வாங்கினார்கள். டிரெய்லரில் ஏற்றி, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பின்னால் வந்த பஸ்காரர்களிடம் வசவு வாங்கி, வில்பட்டிக்குக் கொண்டுவந்து பூண்டுக் காட்டின் ஓரம் நிறுத்தினார்கள். ஊர் சிரித்தது. சனி, ஞாயிறு ஆள் வந்து தங்க ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றது.

அனுமதியில்லாத காட்டேஜ்களுக்கு வரிசையாக சீல் வைத்தபோது ஓர் அதிகாரி வந்து படகைச் சுற்றிப் பார்த்தார். அஸ்திவாரம் இல்லை. கரண்ட் கம்பி இல்லை. டிரெய்லர் டயரை உதைத்தார். காற்று இருந்தது.

"வெளியிலேருந்து ஒரு கம்பி உள்ள வந்துச்சுன்னா இது வீடு. வீடுன்னா பூட்டிருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து கூரையில் சோலார் தகடும் படுக்கைக்கடியில் பேட்டரியும்தான் அதைப் படகாக வைத்திருந்தன.

மதுரைக்காரர்களை அனுப்பிவிட்டு, உப்பியதில் ஒன்றைச் சாக்கில் சுற்றி ஜீப்பில் போட்டுக்கொண்டு பெருமாள்மலைக்குப் போனாள். ஜெயமுருகன் அப்போதுதான் கடை திறந்திருந்தான். பேட்டரி மூடியைத் திருகி உள்ளே டார்ச் அடித்தான்.

"என்ன தண்ணிக்கா ஊத்துனீங்க?"

"சுனைத் தண்ணி. அவருதான் ஊத்துவாரு."

"சுனைத் தண்ணியா!"

"டவுன்லேருந்து கேன் கொண்டாந்து புடிச்சிட்டுப் போறாங்க. அதவிட சுத்தமா எங்க கெடக்கு?"

"அது மனுசன் குடிக்கக்கா. இதுக்கு உப்பு, சத்து ஒண்ணும் இல்லாத தண்ணி வேணும். கடையில கேன்ல விக்கும். உங்க சுனையோட சத்து தாங்காமதான் செத்துருக்கு."

"சுனையக் குத்தம் சொல்லாத. அதுக்குக் குடுத்துவச்சது அவ்வளவுதான்."

அவன் சிரித்துக்கொண்டே உயரமான பேட்டரி ஒன்றை முன்னால் இழுத்தான். ஊரில் எல்லார் வீட்டு இன்வெர்ட்டருக்கும் அதுதான், பத்து வருஷம் பேசாது என்றான். ஜோதிமணி முழங்கையால் அளந்தாள். படுக்கைப் பலகை மூடாது.

"அப்ப வெளிய ஒரு சின்ன செட்டு போட்டு வச்சிருங்க. தகரத்துல."

"செட்டு போட்டா அதுவும் கட்டடம்தான்டா."

கனமான குட்டை பேட்டரியைக் காட்டினான். அதற்கும் தண்ணீர் ஊற்ற வேண்டும். அளவு மீறிச் சார்ஜ் ஏறினால் அதே நாற்றம். வேண்டாம் என்றாள். கடைசியில் அலமாரியிலிருந்து நீலப் பெட்டி ஒன்றை இறக்கினான். லித்தியம். தண்ணீர் கேட்காது, நாறாது, உயரமும் இல்லை.

ஜோதிமணி ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள். பூண்டு மூட்டையானாலும் பேட்டரியானாலும் கனம் பார்த்து வாங்கிய கை. நம்ப மறுத்தது.

"உள்ள ஏதும் இருக்கா, வெறும் டப்பாவா?"

"இருக்குக்கா. ஆனா ஒரு கொறை. தண்ணி உறையுற குளிர்ல இதுக்குச் சார்ஜ் ஏத்தக் கூடாது. ஏத்துனா கெட்டுரும். தை மாசம் உங்க பக்கம் பூண்டுத் தாள்ல ஐஸ் நிக்குமே."

"அது வெளிய. இது படுக்கைக்கடியில. மேல ரெண்டு பேரு மூச்சு விட்டுட்டுப் படுத்திருப்பாங்க."

"ஆள் வராத நாளு?"

"நான் போய்ப் படுத்துக்கிறேன்."

"வேணாம்க்கா, மாமா கோவிச்சுக்குவாரு. குளிர் கூடுனா தானா சார்ஜை நிறுத்திக்கிறது ஒண்ணு இருக்கு. விலை கூட."

"அதையே ரெண்டு குடு."

இந்தப் போகத்துப் பூண்டுக் காசு அங்கேயே போயிற்று. அவள் முகம் மாறவில்லை. மாட்டிக் கொடுக்க ஜெயமுருகனும் ஜீப்பில் ஏறிக்கொண்டான்.

அவர்கள் வந்து இறங்கியபோது வெயில் உச்சியில் இருந்தது. பக்கத்துச் சுவரைத் தாண்டிக் கறுப்புக் கம்பி ஒன்று பூண்டுப் பாத்தியின் மேலாகப் படகின் ஜன்னலுக்குள் போயிருந்தது. பொன்னுவேல் டிரெய்லர் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"என்னங்க இது?"

"சாயந்திரம் ஆளு வருதுல்ல. இருட்டுல எப்படித் தங்குவாங்க? சுவாமிநாதன் மாமாதான் பாவம்னு குடுத்தாரு. இப்பதான் இழுத்து முடிச்சேன். ஒரு நாளைக்குத்தான."

சுவாமிநாதனுக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் சொந்த வீடு. அதன் பின்னால் மூன்று காட்டேஜ். மூன்றுக்கும் சீல். தன் மூக்கு போனாலும் எதிரிக்குச் சகுனப் பிழை ஆகட்டும் என்கிற ஆள். அவர் சும்மா கொடுத்த சாமான் என்று அந்தத் தெருவில் எதுவும் இல்லை.

"ஊர்ல எல்லாரும் பண்றதுதான புள்ள" என்றான் பொன்னுவேல்.

"எல்லாருக்கும் அஸ்திவாரம் இருக்கு. நமக்கு டயர்தான் இருக்கு."

அவளே போய்ச் சுவரோரம் இருந்த பிளக்கைப் பிடுங்கினாள். கம்பியைக் கையில் சுற்றிக்கொண்டே வந்து, மொத்தமாகச் சுவருக்கு அந்தப் பக்கம் எறிந்தாள். அங்கே ஏதோ பானை உருண்டது. சுவாமிநாதன் தலை சுவருக்கு மேல் எழுந்தது.

"என்னத்தா, மாமன் வீட்டுக் கரண்டு கசக்குதோ?"

"கசக்கல மாமா. சுடுது."

"திமிரு. இந்த ஓட்டை ஓடத்த வச்சிக்கிட்டு."

"ஓட்டையா இருந்தாலும் எங்க ஓடம்."

ஜெயமுருகன் குனிந்தபடி உள்ளே நுழைந்தான். பழையதைக் கழற்றி, நீலப் பெட்டிகளை அடுக்கி, சார்ஜ் பெட்டியில் அமைப்பை மாற்றினான். மோட்டார் உறுமிற்று. குழாயில் தண்ணீர் வந்தது. ஒருவாய்க் காப்பி குடித்துவிட்டு, பழைய பேட்டரிகளோடு பெருமாள்மலைப் பக்கம் போன வேன் ஒன்றில் ஏறிக்கொண்டான்.

நாலு மணிக்கெல்லாம் மஞ்சு இறங்கி மூடிவிட்டது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. ஜோதிமணி படகில் எல்லா விளக்கையும் போட்டாள். போட்டுவிட்டு, புது உறை மாற்றிய தலையணையைத் தட்டிக்கொண்டிருந்தபோது வெளியே செருமல் கேட்டது. அதே அதிகாரி. பின்னால், குல்லா போட்டுக்கொண்டு, சுவாமிநாதன்.

"பக்கத்து வீட்டு லைன் இழுத்திருக்கீங்கன்னு புகார்மா. காலையிலயே போன் வந்துச்சு. சோலி முடிச்சு வர நேரமாயிருச்சு."

"காலையிலயேவா?" ஜோதிமணி படியில் இறங்கி நின்றாள். "கம்பியே மத்தியானம்தான் சார் வந்துச்சு. வந்த உடனே திருப்பிக் குடுத்துட்டேன்."

பொன்னுவேல் நிமிர்ந்து சுவாமிநாதனைப் பார்த்தான். காலையில் தோளில் கைபோட்டுப் பேசிய மாமன். அவர் மஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி டார்ச்சோடு படகைச் சுற்றினார். குனிந்து அடியில் பார்த்தார். கம்பி இல்லை. ஆனால் ஜன்னல்கள் பளிச்சென்று எரிந்தன. வெயில் போய் வெகுநேரம் ஆகியிருந்தது.

"இந்த மூட்டத்துல சோலார்ல இம்புட்டு வெளிச்சமா?"

"பேட்டரி சார். புதுசு. பலகையத் தூக்கிக் காட்டுறேன், வாங்க."

"பொட்டி ஒப்புக்கு இருக்கும் சார்" என்றார் சுவாமிநாதன். "மண்ணுக்கடியில பொதைச்சிருப்பாங்க. எனக்குத் தெரியாம என் மெயின்லேருந்துதான் இழுக்குறாங்க. மீட்டரு ஓடுற ஓட்டம் எனக்குல்ல தெரியும்."

அதிகாரி பையைத் திறந்தார். அரக்கும் நூலும் உள்ளே இருந்தன. பொன்னுவேலின் கை டிரெய்லர் கம்பியை இறுகப் பிடித்தது.

மஞ்சு ஒரு நிமிஷம் விலகியது. சுவருக்குப் பின்னால், சீல் வைத்த காட்டேஜ்களின் திரைகளுக்குள் மூன்று மஞ்சள் வெளிச்சம். யாரோ உள்ளே சிரித்தார்கள். முன்கதவில் அரக்கு, பின்கதவில் விதவிதமாய்ச் செருப்பு.

ஜோதிமணி சுவாமிநாதனுக்கு நேராகத் திரும்பினாள்.

"அப்ப உங்க மெயினை அணைங்க மாமா. எங்கெங்க வெளக்கு அணையுதுன்னு சாரும் நின்னு பாக்கட்டும். அணைக்கிறீங்களா?"