ஹர்த்தாலன்று பார்த்த வீடு

சத்தத்தைக் கழுவுவதுதான் என் தொழில். யாழ்ப்பாண டவுணில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிறேன். தாலி கட்டுகிற நேரம் பார்த்து ஜெனரேட்டர் இரையும். யாரோ ஒரு மாமி பாயாசம் முடிந்துபோன கதையை மைக்குக்குப் பக்கத்தில் நின்று சொல்வார். ஒரு பிள்ளை மூக்குறிஞ்சும். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு நாதஸ்வரத்தை மட்டும் மிச்சம் வைக்க வேண்டும். அதனால் எந்த இடத்துக்குப் போனாலும் எனக்குக் கண்ணுக்கு முதல் காதுதான் வேலை செய்யும். வீடு பார்க்கப் போன இடத்திலும் அப்படித்தான்.

வீடு அம்மாவுக்கு. அம்மாவின் மூத்த அண்ணன் கதிர்காமு மாமா கனடாவிலிருந்து வந்து நின்றார். தாங்கள் பிறந்த வேலணைத் தீவில் ஒரு வீடு வாங்கி அம்மாவை அதில் இருத்துவது, வருசத்துக்கு ஒருக்கால் தான் வந்து நிற்பது, இதுதான் அவருடைய திட்டம். நானும் அம்மாவும் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறோம். அம்மாவுக்கு ஒற்றைத் தலையிடி. ஒரு பஸ் ஹோர்ன் அடித்தால் கண்ணுக்குப் பின்னால் ஆணி இறக்குகிற மாதிரி என்பார். பிறகு ஓங்காளம். பிறகு யன்னலுக்குப் போர்வை கட்டி இருட்டாக்கிக்கொண்டு படுத்தால் இரண்டு நாளைக்கு வீட்டில் ஆள் இல்லாத மாதிரித்தான். டாக்டர் குளிசையை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில், சத்தமில்லாத இடத்துக்குப் போங்கோ அம்மா என்று சொல்லிவிட்டார். ஆக, இந்த வீடு சரிவந்தால் அம்மா பகலில் எழும்பி நடமாடுவார். சரிவராவிட்டால் இன்னொரு இருட்டறை. அவ்வளவுதான் கணக்கு.

வீடு பார்க்க வரச்சொல்லி மாமா சொன்ன நாள் ஹர்த்தால்.

எல்லாரும் வீட்டில் நிற்கிற நாள், நேரமும் நல்லாய் இருக்கிறது என்றார். காணித் தரகர் வாகீசன் தன்னுடைய காரிலேயே ஏற்றிக்கொண்டு போனார். பண்ணைப் பாலத்தில் எங்களைத் தவிர இரண்டு சைக்கிளும் நிறையக் கொக்கும். வேலணை வரைக்கும் ஒரு கடை திறந்திருக்கவில்லை.

வீடு குறிகட்டுவான் ரோட்டுக்கரையில், ரோடு கொஞ்சம் வளைகிற இடத்தில். மேல்மாடி, பொன்னிறம் பூசிய தூண்கள், கேற்றுக்கு மேலே இரண்டு சீமெந்து மயில். கட்டினவர்கள் லண்டனில், ஒரு நாள்கூட இருந்ததில்லையாம். வெளி மதிலின் கீழ்ப்பாதி மட்டும் வெள்ளை உரிந்து மஞ்சளாய்ப் பூத்திருந்தது.

"உப்புக்காத்து," என்றார் வாகீசன், நான் பார்ப்பதைக் கண்டுவிட்டு. "தீவில எல்லா மதிலும் உப்பிடித்தான் தங்கச்சி."

மாமா பல்கனியில் நின்று கையைத் தூக்கினார். "அம்பிகை, கேள். காகம் கத்துறதுகூடக் கணீரெண்டு கேக்குது."

அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அவருடைய நெற்றி விரிந்தது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அந்த நெற்றியில் சுருக்கமில்லாமல் பார்க்கிறேன். அதனாலேயே எனக்குப் பயம் வந்தது.

"மாமா, இண்டைக்கு ஹர்த்தால்," என்றேன். "பஸ் இல்லை, வான் இல்லை. இந்த அமைதி வீட்டின்ர இல்லை. ஹர்த்தாலின்ர."

"சும்மா இரு பிள்ளை. நாட்டுப்புறத்தில என்ன சத்தம்?"

நான் ஃபோனை எடுத்து, சத்தம் அளக்கிற செயலியைத் திறந்தேன். வாகீசனுக்கு அது பெரிய பகிடி. "அண்ணை, மருமகள் சத்தத்தை அளக்கிறா. இனி வெயிலையும் நிறுத்துப் பாப்பா."

மாமா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஃபோன் காட்டின இலக்கம் எங்கள் ஸ்டூடியோவின் மூடின அறையை விடக் கொஞ்சம்தான் கூட. ஆனால் சும்மா கிடக்கிற ரோட்டை அளந்து என்ன பிரயோசனம்? எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது.

இன்னொரு வீடும் பட்டியலில் இருந்தது, சரவணையில், ரோட்டிலிருந்து தள்ளி ஒரு ஒழுங்கைக்குள்ளே. அம்மா கேட்டதற்காக மட்டும் மாமா அங்கே வந்தார். இரண்டு அறை, ஒரு குசினி, வெளியே தனியாகக் கக்கூஸ். பக்கத்து வளவில் இருக்கும் ஞானசவுந்தரி அக்காதான் சொந்தக்காரி. மாமா படலைக்குள்ளே வரவே இல்லை. ஆட்டுப்புழுக்கையைப் பார்த்துவிட்டு லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே நின்றார்.

"இஞ்ச மட்டும் சத்தமில்லையோ?" என்று அங்கிருந்தே கேட்டார். "கோயில் கிட்ட. திருவிழாவுக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டமாட்டாங்களோ?"

"கட்டுவாங்கள்," என்றார் ஞானசவுந்தரி அக்கா. "காது கிழியும். திருவிழா முடியக் கழட்டிக்கொண்டு போவாங்கள்."

அம்மா ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். திரும்பும்போது காரில், "ரோட்டு வீடு நல்லாத்தான் இருந்தது," என்று மெதுவாகச் சொன்னார். அவருக்கு அந்தக் காகம் பிடித்துப்போய்விட்டது. நான் சண்டை பிடித்தேன். பௌர்ணமிப் போயா லீவு வருகிறது, அன்றைக்கு இன்னொருக்கால் போய்ப் பார்ப்போம், அதற்குப் பிறகு வாய் திறக்கமாட்டேன் என்றேன். மாமா உடனே சம்மதித்தார். அவர் அவ்வளவு லேசாகச் சம்மதித்தது எனக்கு அப்போது விளங்கவில்லை.

போயாவன்று காலை அம்மாவை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். மாமாவும் வாகீசனும் முன்னரே போய்விட்டார்கள்.

வேலணை தாண்டும்போதே விளங்கிவிட்டது. நயினாதீவு விகாரைக்கும் அம்மன் கோயிலுக்கும் சனத்தை ஏற்றிப் போகிற பஸ்கள், வான்கள், தெற்கிலிருந்தும் வருகின்றன, எங்கள் பக்கத்திலிருந்தும் போகின்றன. குறிகட்டுவானில் படகைப் பிடிக்கிற அவசரம் எல்லாருக்கும். அதற்குள்ளே சாட்டிக் கடற்கரைக்குக் குளிக்கப் போகிற பெடியள், சைலன்ஸரைக் கழற்றி எறிந்த மோட்டார் சைக்கிள்களில். அந்த வீட்டடியில் ரோடு வளைகிறது என்று சொன்னேனே, அன்றைக்கு அதை நான் வடிவு என்று நினைத்தேன். வளைவு என்றால் முன்னால் வருகிறவன் தெரியமாட்டான். தெரியாவிட்டால் ஹோர்ன். ஒவ்வொரு வாகனமும், சரியாக அந்தக் கேற்றுக்கு முன்னால் வைத்து, நெஞ்சுக்குள்ளே கையை விட்ட மாதிரி அடித்துவிட்டுப் போனது. சில பஸ்களில் ஹோர்னே பாட்டு. பாதிப் பாட்டு.

மதிலுக்கு வெளியே ஒரு பெரிய வேம்பு நிற்கிறது. அதன் நிழலில் ஒரு வான் நின்றது. கதவு திறந்தது, ஆம்பிளைகள் ஐந்தாறு பேர் இறங்கி, மதிலைப் பார்த்து வரிசையாக நின்றார்கள். நான் ஸ்கூட்டியை நிறுத்தின இடத்திலிருந்து முதுகுகள் மட்டும் தெரிந்தன. அவர்கள் போன பிறகு மதிலின் கீழ்ப்பாதி ஈரமாய் மினுங்கியது. உப்புக்காற்று. வெயில் ஏற ஏற அந்த உப்புக்காற்றின் மணம் வீட்டுக்குள்ளே வந்தது.

அடுத்த வானிலிருந்து ஒரு சோற்றுப் பார்சல் பறந்து வந்து கேற்றுக் கம்பியில் மோதி வெடித்தது. பருப்பும் மீன் முள்ளும் சீமெந்து மயிலின் கழுத்திலிருந்து வழிந்தன. "ஸொறி அக்கா, காத்தில திரும்பிட்டுது," என்று ஒருவன் சிரித்துக்கொண்டே கத்தினான். எங்கள் தமிழ்தான். எங்கள் ஊர்ப் பெடியன்தான்.

அம்மா ஹோலில் இருந்த ஒரேயொரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்தார். முதலில் நெற்றியைப் பிடித்தார். பிறகு கண்ணை. அடுத்த பஸ் வந்தபோது எழும்பி பாத்ரூமுக்கு ஓடினார். அங்கே பைப்பில் தண்ணீர் இல்லை, மோட்டருக்குக் கரண்ட் கொடுக்கவில்லையாம். வாசலிலேயே சத்தி எடுத்தார், அந்த மினுங்குகிற வெள்ளை டைல்ஸில். சேலைக் கரையெல்லாம் நனைந்துவிட்டது. நான் பழைய பேப்பர் தேடி எடுத்துத் துடைத்தேன். டைல்ஸ் எல்லாவற்றையும் வழுக்கி வழுக்கிப் பரப்பியதே தவிர எடுக்கவிடவில்லை. ஒவ்வொரு ஹோர்னுக்கும் அம்மாவின் தோள் துடித்தது.

"லோஜனா, மேல வா," என்று மாமாவின் குரல். அம்மாவைப் பற்றித்தான் கேட்கப்போகிறார் என்று படியேறி ஓடினேன்.

அவர் ஃபோனை என் கையில் தந்தார். பல்கனியிலிருந்து கேற்றையும் மயிலையும் ரோட்டையும் வீடியோ எடுத்திருந்தார். "உந்தச் சத்தத்தை எடுத்துப்போட்டு நல்லதொரு பாட்டுப் போட்டுத் தா. உனக்கு உது நிமிசத்து வேலை. குடும்பக் குறூப்பில போடவேணும்."

"மாமா, அம்மா சத்தி எடுத்துப்போட்டா."

"வெயிலாக்கும். ஸ்கூட்டியில வந்ததுதானே."

"யன்னலுக்குத் தடிச்ச கண்ணாடி போட்டு ஏசியும் பூட்டினால் ஒண்டும் கேக்காது," என்றார் வாகீசன்.

"அப்ப உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் ஹர்த்தாலண்டு கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்."

வாகீசன் வெட்கப்படவே இல்லை. "ரோட்டுக்கரை வீடெல்லாம் நான் ஹர்த்தாலிலதான் காட்டுறனான் தங்கச்சி. ஹர்த்தால் எண்டால் ஊருக்கு லீவு, எனக்கு வேலை."

எனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அதற்கு முதல் மாமா சிரித்தார். அந்த இளிப்பை என்னால் மறக்க முடியவில்லை, கெட்டித்தனத்தை மெச்சுகிற சிரிப்பு. "கெட்டிக்காரன் நீர். நானும் தெற்கில பிடவைக்கடை வச்சிருந்தனான்தானே. மங்கலான சீலையை எந்த வெளிச்சத்தில விரிக்கவேணுமெண்டு எங்களுக்கும் தெரியும்." பிறகு என்னைப் பார்த்தார். "இவர் ஹர்த்தாலண்டு காட்டுறனெண்டு சொல்லேக்கையே எனக்கு விளங்கிட்டுது. நான் என்ன சின்னப்பிள்ளையோ?"

"விளங்கியும் ஏன் மாமா?"

"ஏனெண்டால் வீடெண்டால் இதுதான் வீடு. குறிகட்டுவானுக்குப் போற ஒருத்தனும் இதைப் பாக்காமல் போகேலாது. ஆற்ர வீடெண்டு கேப்பான். கதிர்காமுவின்ர எண்டு சொல்லுவாங்கள். ஒழுங்கைக்குள்ள ஆட்டோட கொண்டுபோய் வச்சால் ஆருக்குத் தெரியும்? ரெண்டு மாதத்தில அவளுக்குப் பழகியிடும். மனுசருக்கு எல்லாம் பழகும்."

அவருடைய சேட்டில் சென்ட் மணம். அதோடு கீழேயிருந்து மதிலின் மணம். இரண்டும் ஒன்றாக மூக்கில் ஏறின. ஃபோனை அவர் கையிலேயே திரும்ப வைத்தேன். அதைத் தொட்ட விரல்களைக்கூட என் சட்டையில் துடைத்தேன்.

அம்மா படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்து நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. முகம் சாம்பல்.

"அண்ணை, வீடியோவில பாட்டுப் போடலாம்," என்றார். "நான் வீடியோவுக்குள்ள இருக்கேலாது."

"விசர்க் கதை கதையாத அம்பிகை. உனக்காகத்தானே வாங்கிறன்."

"எனக்காக வேண்டாம். உங்களுக்காக வாங்குங்கோ. வந்து இருங்கோ."

"அப்ப நீ எங்க இருப்பாய்? ஆட்டுப்புழுக்கைக்குள்ளயோ?"

"ஓம்."

"நான் அதுக்கு ஒரு சதம் தரமாட்டன். சொல்லிப்போட்டன்."

"நான் கேக்கேல்லையே அண்ணை."

மாமா வாகீசனைப் பார்த்தார். வாகீசன் ரோட்டைப் பார்த்தார். ஒரு பஸ் வளைவில் வந்து அடித்தது. அம்மா அதற்குள் படி இறங்கத் தொடங்கிவிட்டார்.

சரவணைக்கு ஸ்கூட்டியில் போகும்போது அம்மா என் முதுகில் நெற்றியை வைத்திருந்தார். வாடகை என்னுடைய சம்பளத்திலிருந்துதான் போக வேண்டும். அதைப்பற்றி இருவரும் கதைக்கவில்லை. சொந்த ஊரில் வாடகைக்கு இருக்கிறாள், அண்ணன் கனடாவில் என்று சனம் வாய் நிறையக் கதைக்கும். அதைப்பற்றியும் கதைக்கவில்லை.

ஞானசவுந்தரி அக்கா அம்மாவின் சேலைக் கரையைக் கண்டதும் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தண்ணீர் அள்ளி ஊற்றினார். அம்மா வாடகைக்குக் கேட்டார்.

"வாடகைக்கோ? தமையன் ஒண்டும் சொல்லமாட்டாரோ?"

"சொல்லுவார்."

ஞானசவுந்தரி அக்கா கொஞ்சம் யோசித்தார். "தாறன். ஆனால் ஒண்டு, இப்பவே சொல்லிப்போடுறன். என்ர தண்ணி மோட்டர் பழசு. காலமையில தோட்டத்துக்கு இறைக்கேக்க அரியண்டமாச் சத்தம் போடும். பிறகு வந்து குறை சொல்லக்கூடாது."

அம்மா ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டே கேட்டார். "இப்ப ஒருக்கால் போடுங்கோ. கேப்பம்."

"இப்பவோ? உங்களுக்குத் தலையிடி எண்டு பிள்ளை சொல்லுது."

"ஓம். தலையிடி நிக்கேக்கதானே தெரியும்."

நான் தடுக்கப் போனேன். அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். ஞானசவுந்தரி அக்கா கொட்டிலுக்குள் போய் ஆளியைத் தட்டினார். அது மோட்டர் சத்தமே இல்லை. தகரத்துக்குள் யாரோ கல்லைப் போட்டு உருட்டுகிற மாதிரி, இடைக்கிடை ஒரு இருமலும். என்னுடைய எடிட்டிங்கில் அப்படி ஒன்று வந்திருந்தால் முழுவதையும் அழித்திருப்பேன். அம்மா கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். தோள் ஒருமுறை துடித்தது. நான் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன், மறுபடியும் எடுக்கப்போகிறார் என்று.

"நிப்பாட்டுங்கோ," என்றார் அம்மா.

ஞானசவுந்தரி அக்கா நிறுத்தினார். மோட்டர் இன்னொரு தடவை இருமிவிட்டு அடங்கியது.

அம்மா கண்ணைத் திறந்தார். "சொன்னவுடன நிக்குது," என்றார். "எப்ப வரலாம்?"