சுறா எண்ணெயும் முருங்கையிலையும்

யுத்தம் வந்ததும் சீமை மீனெண்ணெய் நின்றுபோனது. அதனால்தான் மீன் கடைப் பக்கமே தலைவைத்துப் படுக்காத ஐயங்கார் நான், தூத்துக்குடிக் கடற்கரையில் சுறா ஈரல் எண்ணெயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் வெயிலில் எண்ணெய் சீக்கிரம் காறிவிடும். காறினால் வைட்டமின் போச்சு. எந்த இலைச்சாறு அதைத் தடுக்கும் என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை.

எனக்குச் சம்பளம் தரும் எண்ணெய்க் கம்பெனிக்கு அது வியாபாரம். எனக்கு அது ரங்கு. ஏழு வயது மகள், பொழுது சாய்ந்தால் நிலைப்படியில் முட்டிக்கொள்கிறாள். மாலைக்கண், காறாத சுறா எண்ணெய் கொடுங்கள் என்றார் டாக்டர். "அந்தப் பாட்டிலோட இந்தப் படி ஏறாதேள்" என்றாள் என் மனைவி பூமா.

சுறா பிடிபடும் பருவமும் முடிந்துவிட்டது. இனி நாலு மாதத்துக்குப் புது எண்ணெய் கிடையாது. மிச்சம், மொட்டை மாடியில் நான் வெயிலுக்கு வைத்த ஆறு பாட்டில்கள்தான். ஐந்தில் எண்ணெயோடு கலந்த, ஸ்பிரிட்டில் ஊறவைத்து இறக்கிய இலைச்சாறுகள்: வேம்பு, கொய்யா, வெற்றிலை, துளசி, முருங்கை. ஆறாவது வெறும் எண்ணெய். இருபது நாளும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மணிக்கு ஒரு தரம் மாடி ஏறினேன்.

இருபத்தோராம் நாள் மோந்து பார்த்தேன். ஆறிலும் ஒரே நாற்றம். எல்லாம் நாசம். ஆத்திரத்தோடு சாக்கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

ஈரல் கொண்டுவரும் புன்னைக்காயல் மீனவர் இனிகோ வழிமறித்து ஒன்றை வாங்கி முகர்ந்தார். "சாமி, இது சுறா வாடை. காறல் வேற. நாக்குல வச்சுப் பாருங்க. நல்லதுன்னா வழுக்கிட்டு எறங்கும். கெட்டதுன்னா தொண்டையப் புடிக்கும். நீங்க குடிக்க மாட்டிய, நான் குடிச்சுச் சொல்லுதேன்."

என் குழந்தைக்குக் கொடுப்பதை இன்னொருவர் நாக்கில் சோதிப்பதா? வெட்கமாக இருந்தது. நானே குடித்தேன். ஐந்து பாட்டில் தொண்டையை அறுத்தது. முருங்கை மட்டும் வழுக்கிக்கொண்டு இறங்கியது. சந்தேகம் தீர இரண்டாம் முறையும் குடித்தேன்.

அந்தப் பாட்டிலோடு வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்து, படி ஏறாமல் வாசலில் நின்றேன். விளக்கு வைக்கும் நேரம். என் வாயிலிருந்து வந்த வாடை பூமாவுக்கு எட்டிவிட்டது.

"குடிச்சேளா?"

"ரெண்டு தரம். நீ நெய் காய்ச்சறப்போ போடுவியே, அந்த முருங்கையிலைதான் காப்பாத்தித்து."

உள்ளே போய் ரங்குவுக்குக் குழந்தையில் பால் புகட்டிய பழைய பாலாடையை எடுத்து வந்து நீட்டினாள். ஊற்றினேன். ரங்கு சுவரைத் தடவிக்கொண்டே வந்தாள்.

"மொதல்ல அம்மா" என்று பூமா மடக்கென்று விழுங்கினாள். முகம் கோணி, கண்ணில் நீர் முட்டியது. புடவைத் தலைப்பால் வாயை அழுத்திக்கொண்டாள்.

"நன்னாயிருக்குடி" என்றாள்.

அந்த வெளிச்சத்தில் அம்மாவின் முகம் ரங்குவுக்குத் தெரியவில்லை. வாயைத் திறந்தாள்.