பிரேக் போட்டால் சொல்ல வேண்டும்

எங்கள் வீட்டில் யாருக்கும் கால் சும்மா இருக்காது. நான் உட்கார்ந்தால் போதும், வலது கால் தானாக ஆட ஆரம்பித்துவிடும். "காலை ஆட்டாதடி, வீடே ஆடுது" என்று அம்மா கத்துவாள். கத்துகிறவளின் கால் என்ன செய்கிறது என்று குனிந்து பார்த்தால், மேசைக்கு அடியில் தரையைப் போட்டு அழுத்திக்கொண்டிருக்கும். டிவியில் யாராவது வண்டியை வேகமாக ஓட்டினாலே அம்மா எங்கள் ஹாலில் பிரேக் போடுவாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் வேலை. தொழில் புத்தி காலில் இறங்கிவிட்டது.

அம்மாவின் காரில் இரண்டு பிரேக் உண்டு. ஒன்று ஓட்டுகிறவருக்கு, இன்னொன்று பக்கத்து சீட்டில் உட்காரும் அம்மாவுக்கு. பழகுகிறவர் தடுமாறினால் அம்மா தன் பக்கத்து பிரேக்கை மிதிப்பாள். மிதித்த அதே நொடியில் "பிரேக்!" என்று சத்தமாகச் சொல்லியும் விடுவாள். அது அவள் போட்ட சட்டம். சொல்லாமல் மிதித்தால், வண்டியைத் தான்தான் நிறுத்தினோம் என்று பழகுகிறவர் நம்பிவிடுவாராம். அந்த நம்பிக்கையிலேயே லைசென்ஸும் வாங்கி, தனியாக ரோட்டில் இறங்கி, யார் மேலாவது ஏற்றிவிட்டு வந்து நிற்பாராம். "போட்டா வாய் விட்டுச் சொல்லணும். சொல்லாம போடறது திருட்டுத்தனம்" என்பாள்.

இன்னொரு சட்டமும் இருந்தது. டெஸ்டுக்கு முந்தைய கடைசி வகுப்பில், செருப்பைக் கழற்றிவிட்டு, சீட்டின் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வாள். "நல்லாப் பாத்துக்கோங்க. என் ரெண்டு காலும் இங்க இருக்கு. இனிமே எல்லாம் நீங்கதான்." இதைக் கேட்டுச் சில பேர் அழுதே விடுவார்கள். மீசை வைத்த ஆள் ஒருவர் அழுததை நானே பார்த்திருக்கிறேன்.

நான் வளர்ந்தது அந்தக் காரின் பின்சீட்டில்தான். பள்ளி விட்டதும் என்னைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் கிடையாது. அப்பா லிஃப்ட் மெக்கானிக், எந்தக் கட்டடத்தில் எந்த மாடிக்கு நடுவில் இருப்பார் என்று அவருக்கே தெரியாது. அதனால் அம்மா என்னைப் பின்னால் போட்டுக்கொண்டு ஊர் முழுக்க சுற்றினாள். வகுப்பு நடக்கிற வண்டி ஆமை வேகத்தில்தான் போகும். ஜன்னல் வழியே பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை. மழை பெய்தால் சந்தைத் தெரு மட்டும் ஏன் குளமாகிறது? நேராகப் போக வேண்டிய ரயில் பாதை ஏன் ஊரைச் சுற்றி வளைத்துக்கொண்டு போகிறது? அம்மாவைக் கேட்டால், "சும்மா தொணதொணக்காதடி, அவங்க பயந்துக்கறாங்க" என்பாள். ஒன்பதாம் வகுப்பில்தான் எனக்குப் பதில் கிடைத்தது. புவியியல் சார் பழைய வரைபடம் ஒன்றைப் பெஞ்சின் மேல் விரித்து, சந்தைத் தெரு முன்பு வாய்க்காலாக இருந்ததைக் காட்டினார். எனக்குப் புல்லரித்துவிட்டது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், மேல்வகுப்பில் புவியியல் குரூப்தான் என்று.

ஆனால் கணக்கு எனக்கு நன்றாக வரும். அதுதான் பிரச்சினையே. கணக்கு வராமல் இருந்திருந்தால் ஒருத்தரும் என்னைச் சீண்டியிருக்க மாட்டார்கள். பத்தாவது முடிந்து குரூப் எடுக்கிற வாரம் வந்ததும், ஊரில் இருக்கிறவர்கள் எல்லாம் எனக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டார்கள். சித்தப்பா போன் போட்டு, "மேத்ஸ்ல இவ்ளோ மார்க் வாங்கிட்டு ஜியாகரஃபியா? மேப் பாக்கறதுக்குத்தான் எல்லார் கையிலயும் போன் இருக்கே, நீ எதுக்கு?" என்று சிரித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைக் கட்டில்மேல் வீசினேன். தரையில் வீசவில்லை, அந்த அளவுக்கு விவரம் உண்டு.

அப்பா வழக்கம்போல இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுகொண்டார். "உங்கம்மா என்ன சொல்றாளோ..." என்று இழுத்தார்.

அம்மா தட்டைப் பார்த்தபடியே சொன்னாள். "அவ படிக்கப் போறா, அவ இஷ்டம். நான் ஒண்ணும் சொல்லல."

சொன்னபோது மேசைக்கு அடியில் அவள் கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. நான் பார்த்தேன். வழக்கமாக அழுத்துவதுதானே என்று விட்டுவிட்டேன்.

முதல் விருப்பம் புவியியல், இரண்டாவது கணக்கு என்று எழுதிக் கொடுத்தேன். குரூப் பிரிக்கிற வேலை எங்கள் வகுப்பு டீச்சருடையது. அவர் அம்மாவிடம் கார் பழகிக்கொண்டிருந்தார். எந்நேரமும் க்ளட்சிலேயே காலை வைத்திருப்பதால் வீட்டில் அவருக்கு 'க்ளட்ச் டீச்சர்' என்று பேர். அவர் என்னைக் கூப்பிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் மேசையில் இருந்த பேனாக்களை அடுக்கிக்கொண்டே, "ஜியாகரஃபி குரூப்ல இடம் ஃபுல் ஆயிடுச்சும்மா. உன்ன மேத்ஸ்ல போட்டிருக்கேன்" என்றார்.

அந்த நொடியில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா என்று இருந்தது. இனி யாரோடும் மல்லுக்கட்ட வேண்டாம், நாளைக்கு ஏதாவது தப்பாகப் போனால் என் தலை உருளாது. அடுத்த நொடியே அழுகை வந்தது. அந்த அப்பாடாவுக்காக நான் என்னையே எத்தனை திட்டினேன் என்று சொல்லி முடியாது. இவ்வளவுதானா நீ, கோழை என்று கண்ணாடியைப் பார்த்தே கேட்டேன்.

கணக்கு வகுப்பில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கரும்பலகையில் எழுதுவதெல்லாம் புரிந்தது. புரியப் புரிய எரிச்சலாக வந்தது. இரண்டு வருஷம் இப்படியே, அப்புறம் இதையே வைத்து இன்னும் நாலு வருஷம், அப்புறம் வாழ்நாள் பூராவும் என்று நினைத்தால் எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. என் கால் ஆடிய ஆட்டத்தில் பெஞ்சே அதிர்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், "நீ என்ன தையல் மெஷினா?" என்று கேட்டுவிட்டு வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். தண்ணீர் குடிக்க, முகம் கழுவ என்று ஏதாவது சாக்குச் சொல்லி வெளியே வந்துகொண்டே இருந்தேன். வீட்டுக்குப் போனால் அங்கேயும் அதே கதை. அறையில் உட்கார முடியவில்லை, மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். அம்மா எதுவும் கேட்கவில்லை. நான் எதைக் கேட்டாலும் உடனே வாங்கிக் கொடுத்தாள். கேட்காததையும் வாங்கிக் கொடுத்தாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஒரு மத்தியானம் தாழ்வாரத்தில் புவியியல் சார் எதிரே வந்தார். சுருட்டிய வரைபடத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "ஏம்மா, நீ கண்டிப்பா வருவேன்னு நெனச்சேன். கடைசில கால வாரிட்டியே" என்றார்.

"இடம் ஃபுல்லுன்னு சொன்னாங்களே சார்."

"ஃபுல்லா? யாரு சொன்னா? பாதி பெஞ்ச் காலி. நான் பேசினா எனக்கே எதிரொலி கேக்குது."

எனக்குக் காது அடைத்துப் போயிற்று. ஓடிப்போய் அந்த வகுப்பை எட்டிப் பார்த்தேன். உண்மைதான், பின்வரிசை பெஞ்சுகளில் தூசிதான் படித்துக்கொண்டிருந்தது. அப்படியானால் க்ளட்ச் டீச்சர் வாய் கூசாமல் பொய் சொல்லியிருக்கிறார். என்மேல் அவருக்கு என்ன கோபம்? அவர் எப்படிக் கியர் போடுவார் என்று வகுப்பில் நடித்துக் காட்டியது தெரிந்துவிட்டதா? எதுவாக இருந்தாலும் சரி, விடுவதாக இல்லை. மறுநாள் காலையில் அவருக்கு அம்மாவிடம் கடைசி வகுப்பு. பள்ளிக்குத்தானே ஓட்டிக்கொண்டு போகிறார், நானும் பின்னால் ஏறிக்கொண்டேன்.

அம்மா செருப்பைக் கழற்றினாள், கால்களை மடக்கிச் சம்மணம் போட்டாள். "நல்லாப் பாத்துக்கோங்க டீச்சர். இனிமே எல்லாம் நீங்கதான்."

"பயமா இருக்குக்கா" என்றார் டீச்சர். ஸ்டியரிங்கை விட்டால் பறந்துவிடும் என்பதுபோலப் பிடித்திருந்தார். இருந்தாலும் அன்று நன்றாகத்தான் ஓட்டினார். பெரிய ரோட்டைத் தாண்டி, பள்ளிக்குப் போகிற குறுக்குத் தெருவில் திரும்பும் வரைக்கும் நான் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். அதற்குமேல் முடியவில்லை.

"மிஸ், ஒரு டவுட்."

"ஓட்டறவங்ககிட்ட பேசாதடி" என்றாள் அம்மா.

"ஜியாகரஃபி கிளாஸ்ல பாதி பெஞ்ச் காலியா இருக்கு மிஸ். எனக்கு மட்டும் எப்படி இடமில்லாம போச்சு?"

டீச்சர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அப்புறம் ரோட்டைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை, அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அந்த ஒரு பார்வையில் கார் ஓரமாகச் சாய்ந்து, நின்றிருந்த பால் வண்டியை நோக்கிப் போனது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். வண்டி குலுங்கி நின்றது. கண்ணைத் திறந்தால் பால் வண்டியின் பின்கதவு எங்கள் மூக்குக்கு நேராக இருந்தது.

"நின்னுடுச்சு!" என்று கத்தினார் டீச்சர். "அக்கா, நானே நிறுத்திட்டேன்! பாத்தீங்களா, நானே!"

நான் அம்மாவின் குரலுக்காகக் காத்திருந்தேன். குலுங்கல் அடங்குவதற்குள் வந்துவிடும் குரல் அது. நான் பின்சீட்டில் உட்கார்ந்த நாளிலிருந்து ஒருமுறைகூடத் தவறியதில்லை. இன்று வரவில்லை. முன்னால் எட்டிப் பார்த்தேன். அம்மாவின் ஒரு கால் சீட்டின் மேல் இருந்தது, இன்னொரு கால் வெறும் பாதமாக பிரேக்கை மிதித்திருந்தது. டீச்சரின் கால் வழக்கம்போல க்ளட்சில் இருந்தது.

அம்மா பால் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சரின் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அவளால் பார்க்க முடியவில்லை என்று நினைக்கிறேன்.

"பிரேக்" என்றாள் மெதுவாக. "நீங்க நிறுத்தல டீச்சர். நான்தான்."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "அதுவும் நான்தான்டி."

"எது?"

"இடம் ஃபுல்லுன்னு சொல்லச் சொன்னது. டீச்சர் பாவம், முடியாதுன்னுதான் சொன்னாங்க. நான்தான் கெஞ்சிக் கூத்தாடி..."

அழக்கூடாது என்று நினைத்தேன், அழுதேன். "வேணாம்னு எங்கிட்ட நேரா சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா நீ கேட்டிருக்க மாட்டே."

"கேட்டிருக்க மாட்டேன்! சண்டை போட்டிருப்பேன்! அதுக்குத்தான்மா சொல்றது!"

டீச்சர் வண்டியிலிருந்து இறங்கிவிடலாமா என்று கதவைப் பார்த்தார்.

"இடமில்லன்னதும் எனக்கு அப்பாடான்னு இருந்துச்சும்மா. தெரியுமா உனக்கு? நான் கோழைன்னு இத்தன நாளா என்னையே திட்டிட்டு இருந்தேன். நிறுத்தினது நீ, நான் நிறுத்தினதா நெனச்சுக்கிட்டு இருந்திருக்கேன்."

இது அம்மாவுக்குச் சுரீரென்று பட்டது. தன் சட்டம் அவளுக்குத் தெரியாதா என்ன? கண் கலங்கிவிட்டது. "பயமா இருந்துச்சுடி" என்றாள். "மேத்ஸ் படிச்சா நீ எங்க போவேன்னு தெரியும். இத படிச்சா எங்க போவேன்னு எனக்குத் தெரியல. தெரியாத ரோட்ல உன்ன எப்படி விடறது?"

யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். பால் வண்டிக்காரர். "ஏம்மா, என் வண்டிக்கு முத்தம் குடுத்து முடிச்சாச்சுன்னா கொஞ்சம் பின்னால எடுக்கறீங்களா?"

டீச்சர் எடுத்தார். மூச்சுவிடாமல் பள்ளி வாசல் வரை ஓட்டிக்கொண்டு வந்து, ஓரமாக, ஒழுங்காக நிறுத்தினார். அதை அவரே நிறுத்தினார், நான் பார்த்தேன். இறங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "தப்பு என் மேலயும்தாம்மா. குரூப் மாத்தறதுக்கு இன்னிக்குதான் கடைசி நாள். ஆபீஸ்ல சொன்னா போதும். நானும் வர்றேன்."

"வேணாம் மிஸ்" என்றேன். அம்மாவைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனேன்.

அலுவலகத்தில் கிளார்க் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். "மாத்தணுமா? நல்லா யோசிச்சியா? அப்புறம் அய்யோன்னாலும் முடியாது, அம்மான்னாலும் முடியாது. வீட்ல யாராவது வந்திருக்காங்களா, கூப்பிடு" என்றார்.

ஜன்னல் வழியே வாசலைப் பார்த்தேன். கார் அங்கேயேதான் நின்றது. கதவு திறந்திருந்தது. அம்மாவின் செருப்பு இரண்டும் வெளியே நடைபாதையில் கிடந்தன. ஓட்டுகிற சீட்டில் யாரும் இல்லை, இன்ஜினும் ஓடவில்லை. அவள் மட்டும் பக்கத்து சீட்டில் இரண்டு கால்களையும் மடக்கிச் சம்மணம் போட்டு, ஜன்னலுக்கு மேலே இருக்கும் கைப்பிடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வந்திருக்காங்க சார். கூப்பிட வேணாம்" என்றேன்.

"சரி, எந்த குரூப்?"

கால் ஆடத் தொடங்கிவிட்டது. பயமாகத்தான் இருந்தது, நிஜமாகவே பயமாக இருந்தது. இந்தத் தடவை அப்பாடா எதுவும் வரவில்லை.

"ஜியாகரஃபி" என்றேன்.