கடைசியாக ஏற்றியது

“ஆறாவதா வர வேண்டியத மொதல்ல வெச்சா வேற என்னப்பா கெடைக்கும்? அதத்தான்...” என்றாள் மகள்.

“பெரிய யுனிவர்சிட்டிதான் மொதல்ல கைக்கு வரணும்னு நீதானே சொன்ன...”

“வரணும்னா மேல எழுதணும்! நான் எழுதின மாதிரியே!”

“நம்பர் போட்டிருந்தியா? ஒண்ணு ரெண்டுன்னு போட்டியா நீ?”

“நூத்திமூணு டிகிரி காய்ச்சல். நம்பர் வேறயா உங்களுக்கு!”

“ரெண்டு பேரும் சேர்ந்து கத்தினா நான் யாருக்குத்தான் பதில் சொல்றது?” என்றாள் அம்மா. அவளை யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டிய கடைசி நாளன்று மகள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கையில் ஊசி. மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஆறு பெயர்களைக் கிறுக்கி அப்பாவிடம் நீட்டினாள். உச்சியில், பாலம் கட்டக் கற்றுத்தரும் பெரிய பல்கலைக்கழகம். அடியில், இடத்தை நிரப்ப எழுதிய தோல் பதனிடும் படிப்பு. அப்பா அதைக் கம்ப்யூட்டர் சென்டருக்கு எடுத்துப்போய், கீழிருந்து மேலாகப் படித்துச் சொன்னார்.

இன்று காலை முடிவு வந்தது. தோல் பதனிடும் படிப்பு.

“லாரில மொத எறக்கறத கடைசியாத்தாம்மா ஏத்துவோம்,” என்றார் அப்பா. கிடங்கில் அவர் சரக்கு ஏற்றுவது இருபத்தொன்பது வருஷமாக. “அதுதான் கதவுகிட்ட இருக்கும். தொறந்ததும் கைக்கு...”

“நான் என்ன சரக்காப்பா?”

“ஐயோ, அப்படிச் சொல்லலம்மா.”

“டைப் பண்ற அக்கா ஒண்ணும் கேக்கலையா?”

அப்பா சட்டைப் பொத்தானைத் திருகினார். “கேட்டுச்சு. வரிசை சரிதானா சார், நல்ல காலேஜெல்லாம் கீழ இருக்கேன்னு கேட்டுச்சு.”

“நீங்க?”

“எனக்கே வரிசை சொல்லித் தர்றியான்னு சிரிச்சேன்.”

அம்மா பக்கென்று சிரித்துவிட்டு, உடனே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது.

“வேலை முடிஞ்சு நேரா அட்மிஷன் ஆபீஸுக்குத்தான் போனேன்,” என்றார் அப்பா. கிடங்குச் சட்டையைக்கூட அவர் இன்னும் மாற்றவில்லை. “ஒரு தடவை பூட்டின வரிசைய மாத்த முடியாதாம். நல்ல மனுஷன் அவரு. உக்காரச் சொன்னாரு. தண்ணி குடுத்தாரு.”

“தண்ணியெல்லாம் குடுத்தாங்களா? அப்புறம் என்ன குறை நமக்கு!”

“ஒம் மார்க்க ரெண்டு தடவ பாத்தாரு.”

“என் யுனிவர்சிட்டி சீட்டு?”

“வேற புள்ளைக்குப் போயிருச்சாம். இனி இந்த வருஷம் கவுன்சிலிங் சுத்தே கெடையாதாம். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள சேரலேன்னா இதுவும் போயிடுமாம்.”

மகள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று அம்மாவுக்குத் தோன்றியது.

“தெரியாதுன்னு அந்த அக்காகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லப்பா. ஒரே ஒரு வார்த்த. அவங்களே பண்ணிக் குடுத்திருப்பாங்க.”

“தெரியும்னுதாம்மா நெனச்சேன்.”

அவள் உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அம்மா பின்னாலேயே போய் அவள் காலடியில் உட்கார்ந்தாள்; தொடவில்லை. வெளியே அப்பா சான்றிதழ்களை ஒவ்வொன்றாக எடுத்து ஃபைலில் போடுவது கேட்டது. ஒன்றைப் போடுவார், எடுப்பார், மறுபடி போடுவார். எது மேலே இருக்க வேண்டும் என்று யாரையாவது கேட்க வேண்டும்போல் இருந்தது அவருக்கு. கேட்கவில்லை.

பிறகு ஃபைலை மார்போடு அணைத்தபடி அறை வாசல் திரைக்கு வெளியிலேயே நின்றார்.

“பாப்பா... நாளைக்குச் சேரப் போறப்ப நானும் வரட்டுமா, இல்ல அம்மா மட்டும் போதுமா?”