இரண்டாவது சிவப்பு வயர்

லிஃப்ட் மெக்கானிக்கின் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு சிவப்பு வயர்கள் இருக்கும். இருபது வருடமாக இரண்டோடு போய் இரண்டோடு திரும்புகிற மனுஷன். அன்று மதியம், துவைக்க எடுத்த சட்டையைத் துழாவிய மனைவி, "என்னங்க, ஒண்ணுதான் இருக்கு?" என்றாள்.

அவருக்குக் காலையில் பழுது பார்த்த லிஃப்ட் நினைவுக்கு வந்தது. சாப்பிட்ட கையோடு எழுந்துவிட்டார்.

கதவு மூடினால்தான் லிஃப்ட் நகரும். பழுது பார்க்கும்போது மட்டும் இந்தச் சிவப்பு வயரில் ஒன்றை மாட்டி, கதவு திறந்திருக்கும்போதே ஓட்டிப் பார்ப்பார்கள். வேலை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். கழற்றாவிட்டால், யாராவது ஒரு காலை உள்ளே வைக்கும்போதே அது பாட்டுக்குக் கிளம்பிவிடும். காலையில் ஒரு ஆறு மாடிக் கட்டடத்தில் வேலை பார்க்கும்போது ஆபீஸிலிருந்து போன் மேல் போன். பேசிக்கொண்டே, வயரைக் கழற்றாமல் கன்ட்ரோல் பெட்டியை மூடிவிட்டு வந்திருக்கிறார், புத்திசாலி!

அந்தக் கட்டடத்து வாட்ச்மேனுக்குப் போன் அடித்தார். எடுக்க ஆளில்லை. ஒற்றை வயரைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். வழியில் ஒரு ஆம்புலன்ஸ் முந்திப் போனது. அது வேறு தெருவில் திரும்பிய பிறகுதான் மூச்சு வந்தது. அந்தத் தெருக்காரர்களை நினைத்தபோது, நிம்மதிப்பட்டதற்கு வெட்கமாகவும் இருந்தது.

கீழ்த்தளத்தில் லிஃப்ட் கதவை அடைத்தபடி ஒரு நாற்காலி. அதில் ஆறாவது மாடி அம்மா. பல்பு எரியவில்லை, குழாய் சொட்டுகிறது என்று நோட்டில் எழுதித் தள்ளுகிறவர். 'புகார் பெட்டி' என்று பேர் வைத்ததே மெக்கானிக்கும் வாட்ச்மேனும்தான்.

"கதவு தொறந்திருக்கப்பவே மேல போகுதுப்பா! பதினொன்னே காலுக்குப் பாத்தேன். மெயினை அணைச்சிட்டேன்."

"அப்பலேர்ந்து இங்கயேவா உக்காந்திருக்கீங்க?"

"அணைச்சா மட்டும் போதுமா? எவனாவது திரும்பப் போட்டுடுவான். வாட்ச்மேனை எல்லாரோட பையையும் தூக்கிக்கிட்டு படியேற வச்சிருக்கேன்."

"யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?"

"ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. நான்தான் வயிறு நிறையத் திட்டு வாங்கியிருக்கேன்."

மெக்கானிக் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியதை மறைக்கவும் தோன்றவில்லை. இந்த அம்மாவைப் பார்த்து எத்தனை நாள் சிரித்திருக்கிறோம் என்று மனசு குத்தியது.

மேலே போய் வயரைக் கழற்றினார். யாரும் பார்க்கவில்லை. ஏதோ லூஸ் கனெக்‌ஷன் என்று சொன்னால் கதை முடிந்தது. வேலையும் தப்பும். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் இரண்டரை மணி நேரம் பட்டினியாகக் காவல் இருந்தவரின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியவில்லை.

"அம்மா, தப்பு என்னோடது. வயரைக் கழட்டாம போயிட்டேன்."

சொன்னதோடு விடாமல் புகார் நோட்டை வாங்கித் தன் கையாலேயே எழுதி, கையெழுத்தும் போட்டார். அந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"பதினொன்னரைன்னு எழுதியிருக்கீங்க. பதினொன்னே கால்."

திருத்தினார். பிறகு மேனேஜரிடம் போனில் சொன்னார். அவர் கத்திய கத்தலில் காது அடைத்துவிட்டது. நாளைக்கு விசாரணையாம். ஆனாலும் மனசு லேசாக இருந்தது.

"இப்ப எழுந்துக்கங்கம்மா. போய்ச் சாப்பிடுங்க."

"முதல்ல ஓட்டிக் காட்டுங்க. அதுவரைக்கும் நாற்காலி இங்கதான்."

மெயினைப் போட்டு, கதவைத் திறந்துவைத்துப் பொத்தானை அழுத்தினார். லிஃப்ட் அசையவில்லை. மூடி அழுத்தினார். போனது. அந்த அம்மா நாற்காலியை மடக்கினார்.

மனைவியிடமிருந்து போன். "என்னாச்சுங்க?"

அவர் பைக்குள் கைவிட்டுப் பார்த்தார். "ரெண்டும் இருக்கு," என்றார்.