புகைப் பரிசோதனைக்குப் போன பைக்

என் வீட்டுக்காரருக்கு பைக் கம்பெனிக்காரன் மேல் நம்பிக்கை கிடையாது. இன்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்று நூறு இன்ஜினியர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டு அனுப்பியிருந்தார்கள். இவர் நாலு வீடியோ பார்த்துவிட்டு அதைத் திருத்தக் கிளம்பினார். சோப்பு டப்பா அளவில் ஒரு கன்ட்ரோலர் வாங்கி சீட்டுக்கு அடியில் மாட்டினார். சைலன்சரைக் கழற்றிவிட்டு, புகையைச் சுத்தம் செய்யும் பாகமே இல்லாத வேறொன்றைப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் லேப்டாப்பை அந்தக் கன்ட்ரோலரோடு இணைத்து பெட்ரோல் அளவு எண்களை மாற்றிக்கொண்டிருப்பார். பைக் இருமியது. பெட்ரோலைக் குடித்தது. கொடியில் காய்ந்த துணியெல்லாம் நாறியது. பக்கத்து வீட்டில் ஜன்னலையே திறப்பதில்லை.

"பவர்னா அப்படித்தான் இருக்கும். உனக்கென்ன தெரியும்?" என்றார்.

புகைப் பரிசோதனை நாள் வந்தது. எங்கள் வீட்டுச் சிங்கம் பெட்டிப் பாம்பாய் அடங்கி, பழைய சைலன்சரையே எடுத்து மாட்டியது. கன்ட்ரோலரையும் கழற்றி என்னிடம் நீட்டியது.

"உன் பையில வச்சுக்கோ. அங்க யாராவது பாத்துடப் போறாங்க."

பைக் தேறிவிட்டது. திரும்பி வரும்போது மேம்பாலத்தில் ஒரு முக்கல் முனகல் இல்லாமல் ஏறியது. முன்னால் உட்கார்ந்திருந்தவரின் தோள் விரிந்தது.

"பிக்கப்ப பாத்தியா? போன வாரம் நான் போட்ட ட்யூனிங் இப்பதான் செட்டாயிருக்கு."

"ஆமாங்க, நல்லாவே செட்டாயிருக்கு" என்றேன்.

மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் போட்ட ட்யூனிங் மொத்தமும் அதற்குள்தான் இருந்தது. கீழே விழுந்துவிடக் கூடாதே.