பூஜ்யத்தின் நடுவே ஒரு கோடு

ஆரஞ்சும் பச்சையுமாய்ப் புள்ளிகள், பட்டாணி அளவில் சில, கடுகு அளவில் சில, ஒரு வட்டத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன, அவற்றுக்கு நடுவிலிருந்து எழுபத்து நான்கு மெல்ல எழுந்து வருகிறது, சொல்லுங்க கேப்டன், என்ன நம்பர் தெரியுது என்கிறார் டாக்டர், விமானிகளுக்கு வருடந்தோறும் நடக்கிற கண் பரிசோதனைதான், இருபத்தெட்டு வருடமாக இதே புத்தகம், இதே புள்ளிகள், பதில் சொல்ல எனக்கு ஒரு நொடி போதும், ஆனாலும் இந்தப் பக்கம் வந்ததும் உடனே சொல்வதில்லை, ஏனென்றால் இதே பக்கத்தில் என் பள்ளித்தோழன் சகாயராஜுக்குத் தெரிவது இருபத்தொன்று, எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் இருபத்தொன்றுதான், அந்த ரகசியம் ஊரிலேயே எனக்கு மட்டும்தான் தெரியும், திருச்சியில், எங்கள் இருவருக்கும் பதினேழு வயதாக இருந்தபோது.

அந்த வருடம் பள்ளி முடித்த பிள்ளைகளில் ஒரே ஒருவருக்கு விமானம் ஓட்டக் கற்றுத்தருவதாக ஓர் ஆலைக்காரரின் அறக்கட்டளை அறிவித்திருந்தது, பயிற்சிச் செலவு, தங்கும் இடம், சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு, சகாயராஜின் அப்பாவுக்கு ரயில்வே பட்டறையில் வேலை, என் அப்பா தபால்காரர், உதவித்தொகை இல்லாவிட்டால் எங்கள் இருவருக்கும் விமானம் என்பது அண்ணாந்து பார்க்கிற சாமான், அவ்வளவுதான், என்.சி.சி. விமானப் பிரிவில் எங்கள் பள்ளியிலிருந்து நாங்கள் இரண்டே பேர், சனிக்கிழமை காலைகளில் ஒரே சைக்கிளில் ஊருக்கு வெளியே உள்ள ஓடுதளத்துக்குப் போவோம், அவன் மிதிப்பான், எதிர்காற்றென்றால் இறங்கித் தள்ளச் சொல்லி என்னைத் திட்டுவான், அங்கே கேப்டன் பூவையா எங்களுக்கு வானிலைக் குறிப்பு எழுதப் பழக்கினார், பூஜ்யத்தை வெறுமனே விட்டால் ஓ என்ற ஆங்கில எழுத்து என்று நினைத்துவிடுவார்கள், குறுக்கே ஒரு கோடு போடு என்பார், போடாதவர் தலையில் ஸ்கேல் இறங்கும், ஒரு மாதத்தில் கணக்கு நோட்டிலும் மளிகைச் சீட்டிலும் கூட நாங்கள் கோடு போட்டுக்கொண்டிருந்தோம், என்னம்மா இது, பூஜ்யத்தை எல்லாம் அடிச்சு அடிச்சு வச்சிருக்க என்று மளிகைக்கடை அண்ணாச்சி கேட்பார்.

எழுத்துத் தேர்வு, நேர்காணல் எல்லாம் முடிந்து பட்டியல் வந்தது, முதல் பெயர் சகாயராஜ், அதற்குக் கீழே, அவன் வராவிட்டால் அடுத்து என்று, என் பெயர், நான் சிரித்தேன், அவன் கையைப் பிடித்துக் குலுக்கினேன், வீட்டுக்கு வந்து மூன்று தடவை சோறு போட்டுத் தின்றேன், அது பொறாமை என்று இன்றைக்குச் சொல்ல முடிகிறது, அன்றைக்குப் பசி என்று நினைத்துக்கொண்டேன், மறுநாள் அவன் வாசலில் வந்து நிற்கிறான், முகம் செத்துக் கிடக்கிறது, ஏய், மெடிக்கல் டெஸ்ட்டுல கலர் புக்கு காட்டுவாங்களாம்ல, எனக்குப் பச்சையும் செவப்பும் ஒண்ணாத்தான்டி தெரியும், ரெண்டுமே மண்ணு கலரு, வீட்டுல கூட யாருக்கும் தெரியாது, ஒங்க சித்தப்பா கடையில அந்த புக்கு இருக்குமா. இருந்தது. சித்தப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கடைப் பின்கட்டில், மதியம் அவர் கண் அசருகிற நேரத்தில், நான் பக்கம் புரட்டுகிறேன், அவன் சொல்கிறான், பன்னெண்டு, எட்டு, ஆறு, இருபத்தொம்பது, அம்பத்தேழு, அஞ்சு, மூணு, பதினஞ்சு, எழுபத்திநாலு, வாய்ப்பாடு மாதிரி, புள்ளிகளைப் பார்க்கவே இல்லை, என் விரல் புரட்டுவதைத்தான் பார்க்கிறான், நான்தான் சொல்லிக்கொடுத்தேன், இதையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும், ஊர் டாக்டர் முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் புரட்டினார், அவன் வரிசையாகச் சொன்னான், தேறிவிட்டான், எனக்கு அரை கிலோ அல்வா வாங்கிவந்து முழுவதையும் அவனே தின்றான்.

பிறகு அந்தச் சனிக்கிழமை, வெயில் ஏறுகிறது, பூவையா கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் மேலே நின்று சைகை விளக்கைப் பிடிக்கிறார், வானத்தில் இருக்கும்போது ரேடியோ செத்துப்போனால் இந்த விளக்குதான் பேசும், பச்சை என்றால் இறங்கலாம், சிவப்பு என்றால் இறங்காதே, சுற்றிக்கொண்டே இரு, கீழே ஓடுதளத்தில் வேறு விமானம் இருக்கிறது, விளக்கு எரிகிறது, சிவப்பு, நான் வாயசைத்துச் சொல்வேன் என்று சகாயராஜ் என் உதட்டைப் பார்க்கிறான், நான் வேண்டுமென்றே முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன், பச்சை சார், இறங்கலாம் என்று கத்துகிறான், விளையாடாதே ராஸ்கல் என்று மேலேயிருந்து பூவையா சிரிக்கிறார், அவனும் சிரிக்கிறான், எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, திரும்பும் வழியில் கேட்டேன், நெஜமாவே ஒருநாள் ரேடியோ போச்சுன்னா என்னடா செய்வ. போகாதுடி, போனா அப்ப பாத்துக்கலாம், நீ வாயை மட்டும் மூடிட்டு இரு, போதும், என்றான், என்றைக்கும் இல்லாத குரலில், பிறகு சைக்கிளை நிறுத்தி, கோச்சுக்காத, இது போச்சுன்னா நானும் அப்பா மாதிரி பட்டறைக்குத்தான் போவணும் என்றான்.

மூன்று நாள் பொறுத்தேன், நான்காம் நாள் அறக்கட்டளைக்கு ஒரு மொட்டைக் கடிதம் எழுதினேன், இடது கையால், கோழி கிண்டின மாதிரி, படிக்காதவர் எழுதியது போல வேண்டுமென்றே பிழைகள் வைத்து, சகாயராஜுக்கு நிறம் தெரியாது, மனப்பாடம் செய்து ஏமாற்றிவிட்டான், புத்தகத்தை 10-ம் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் புரட்டிக் கேளுங்கள், பெயர் இல்லை, ஊர் இல்லை, அப்பாவின் தபால் நிலையத்தில் போடாமல் இரண்டு தெரு தள்ளிப் போய்ப் போட்டேன், எவ்வளவு கெட்டிக்காரி, பத்தே நாளில் அவனை மறுபடி கூப்பிட்டார்கள், பின்னோக்கிப் புரட்டினார்கள், இந்தப் பக்கத்தில் அவன் இருபத்தொண்ணு என்றானாம், பொய் இல்லை, முதல்முறையாகத் தன் கண்ணுக்குத் தெரிந்ததைச் சொல்லியிருக்கிறான், அடுத்த வாரம் என் பெயருக்குக் கடிதம் வந்தது, அப்பாவே கொண்டுவந்து கொடுத்தார், தன் வாழ்நாளில் கொடுத்த தபால்களிலேயே இதுதான் பெரிய தபால் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனார்.

பேருந்து நிலையத்தில் காலை வெயில், அப்பா தண்ணீர்ப் பாட்டில் வாங்கப் போயிருக்கிறார், சகாயராஜ் வருகிறான், வரமாட்டான் என்றுதான் நினைத்திருந்தேன், காக்கி அட்டை போட்ட புது நோட்டு ஒன்றை நீட்டுகிறான், பறக்கிற மணிக்கணக்கை எழுத அவன் தனக்காக வாங்கி வைத்திருந்தது, பெயர்ச்சீட்டைக் கிழித்த இடம் வெள்ளையாக இருக்கிறது, எனக்கு எதுக்கு இனிமே, நீ வச்சுக்க என்கிறான், அந்த லெட்டரை எங்கிட்டயும் காட்டுனாங்க, எழுத்து யாருதுன்னே தெரியலை, தப்பும் தவறுமா இருந்துச்சு, ஆனா பத்துங்கிற எடத்துல பூஜ்யத்துக்குக் குறுக்கால கோடு. அவன் அடிக்கவில்லை, கத்தவில்லை, ஓட்டுநர் ஹாரன் அடிக்கிறார், அப்பா பாட்டிலோடு ஓடிவருகிறார், அவன் குனிந்து மெதுவாகக் கேட்கிறான், ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போ, நான் செத்துப்போயிருவேன்னு பயந்து எழுதுனியா, இல்ல எடம் கெடைக்கும்னு எழுதுனியா. நான் பேருந்தில் ஏறிவிட்டேன்.

பயந்துதான் எழுதினேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், பயந்ததும் உண்மைதான், சிவப்பு விளக்கை நோக்கி அவன் இறங்கிவருகிற கனவு இன்றும் வருகிறது, கனவில் கோபுரத்தின் மேலே விளக்கைப் பிடித்திருப்பது நான், அதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை, இன்னொன்றையும் சொன்னதில்லை, அந்தக் கடிதத்தைத் தபால்பெட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலமே, அவனை யாரும் மறுபடி கூப்பிடுவதற்கு முன்பே, பரணிலிருந்து பெரிய பயணப் பெட்டியை இறக்கி ஈரத்துணியால் துடைத்து வெயில்படுகிற இடத்தில் வைத்தேன், எதுக்குடி இப்ப பெட்டி என்று அம்மா கேட்டாள், சும்மாம்மா என்றேன்.

கேப்டன், நம்பர் என்கிறார் டாக்டர், கண்ணைச் சுருக்கி இருபத்தொன்றைத் தேடுகிறேன், ஒவ்வொரு வருடமும் தேடுகிறேன், வருவதே இல்லை, எழுபத்து நான்கு, என்கிறேன், கண்ணு ரொம்ப நல்லா இருக்கு மேடம், கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதுங்க என்று படிவத்தை நகர்த்துகிறார், இன்றைக்குத் தேதி பத்து, ஒன்று எழுதுகிறேன், பக்கத்தில் வட்டம் சுழிக்கிறேன், அதற்குள் புள்ளிகள் இல்லை, எண்கள் இல்லை, வெள்ளையாக, வெறுமையாக, அப்படியே விட்டுவிடலாம் என்று பேனாவைத் தூக்கப் பார்க்கிறேன், கை தானாகக் குறுக்கே கோடு இழுத்துவிடுகிறது.